தட்டுக்கும் பிரஷ்ஷுக்கும் ஒரே தண்ணீரா?

பாத்திரம் கழுவும் இயந்திரம் நம் வீடுகளுக்குள் வந்து அதிக காலம் ஆகவில்லை. துபாயிலும் ஷார்ஜாவிலும் குடும்பத்தோடு வாழ்ந்து திரும்பியவர்கள் அதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், "நம் ஆணச் சட்டியின் அடிப்பிடிப்பை அது எங்கே கழுவப் போகிறது?" என்று சிரித்தவர்கள் நாம். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் வர இயலாமற் போயிற்று. பாத்திரங்கள் குவிந்தன, சிரிப்பும் அடங்கியது. அதன்பின் சென்னையில் எனக்குத் தெரிந்த வீடுகள் சிலவற்றில் 'டிஷ்வாஷர்' என்னும் அந்தப் பெட்டி அடுப்படியில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

புதிய பொருள் வந்தால் புதிய கேள்வியும் உடன் வரும். எங்கள் மதரஸாவில் வாரந்தோறும் தாய்மார்களுக்காக நடைபெறும் வகுப்பில் சகோதரி ஒருவர் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்த கேள்வி இது: "குளியலறை, கழிப்பறைச் சாமான்களை டிஷ்வாஷரில் போட்டுக் கழுவலாமா? கழுவினால், அதன்பின் அதே இயந்திரத்தில் கழுவிய தட்டில் உண்ணலாமா?" படித்தவுடன் வகுப்பில் சிரிப்பு எழுந்தது. சிலர் முகம் சுளித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வி என் உறவினர் வீட்டில் ஒரு மூதாட்டியை மூன்று நாள் அரைப் பட்டினியில் வைத்திருந்ததைச் சில மாதங்களுக்கு முன்புதான் கண்டு வந்திருந்தேன்.

அவர் என் பெரியம்மாவின் மகள், எனக்கு ராத்தா. மண்ணடியில் வசிக்கிறார். வயது 70ஐ நெருங்குகிறது. நீரிழிவும் மூட்டு வலியும் உண்டு. மகன் ஷார்ஜாவில் பணிபுரிகிறான். பிள்ளைகளின் படிப்புக்காக மருமகள் சென்னை திரும்பி மாமியாரோடு இருக்கிறாள். தாயார் நின்றுகொண்டு பாத்திரம் கழுவச் சிரமப்படுகிறார் என்று மகன்தான் அந்த இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தான். ராத்தாவும் அதை விரும்பியே ஏற்றுக்கொண்டார். மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே அதுவரை பெரிய மனவருத்தம் ஏதும் இருந்ததில்லை.

ஒரு நாள் காலையில் ராத்தா தண்ணீர் எடுக்க அடுப்படிக்குச் சென்றார். இயந்திரம் ஓடி முடிந்திருந்தது. தட்டுகளை எடுத்து அடுக்கலாமென்று கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே தட்டுகள் இல்லை. குளியலறை மக், சோப்புப் பெட்டி, பல்துலக்கிகளைச் செருகி வைக்கும் குவளை, இவற்றோடு கழிப்பறைப் பிரஷ்ஷும் அதை நிறுத்தி வைக்கும் கிண்ணமும் வரிசையாக இருந்தன. தட்டுகள் நிற்க வேண்டிய கம்பிகளுக்கிடையில் அந்தப் பிரஷ் படுத்திருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டுப் பாத்திரத்தில் அவர் உண்ணவில்லை. கடையிலிருந்து பன்னும் வாழைப்பழமும் வரவழைத்தார். தேநீரைக் காகிதக் குவளையில் குடித்தார். நீரிழிவுக்கான மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டார்! மாத்திரை உண்டு, உணவு இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை அந்நோய் உள்ள வீட்டார் அறிவர். மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு கை நடுங்கி, உடல் வியர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருமகள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றியிருக்கிறாள். அதைக்கூட, "எந்தக் கிளாஸில் கலந்தாய்?" என்று கேட்ட பிறகே அருந்தினாராம். அன்றிரவு ஷார்ஜாவிலிருந்து மகன் எனக்குத் தொலைபேசினான். மறுநாள் காலையில் புறப்பட்டுச் சென்றேன்.

மருமகள் அழுதுகொண்டே சொன்னாள்: "தனியாகத்தான் போட்டேன், சாச்சி. ஒரு ஸ்பூன்கூட உள்ளே இல்லை. சின்னவனுக்கு இரண்டு நாளாக வாந்தியும் பேதியும். வீட்டில் இருப்பது ஒரே கழிப்பறை. மாமிக்கும் தொற்றிவிடக் கூடாதே என்றுதான் எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் கழுவ நினைத்தேன். கையால் கழுவுவதைவிட அதுதானே சுத்தம்?"

ராத்தா ஒரே வரியில் முடித்தார்: "கக்கூஸ் தேய்த்தது, சோறு தின்கிற தட்டு இருக்கும் இடத்துக்கு வரலாமா, தங்கச்சி? நீ கிதாபு ஓதினவள். நீயே சொல்லு."

இருவருக்கும் என்னிடமிருந்து ஒற்றைச் சொல் தேவைப்பட்டது. 'கூடும்' என்றால் மருமகள் வென்றாள். 'கூடாது' என்றால் மாமியார் வென்றார். நான் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, இயந்திரத்தோடு வந்த விளக்கப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். கல்லூரியில் வரலாறு பயின்றவளுக்கு இயந்திரத்தோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒரு பொருள் எதற்காக உண்டாக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டால், அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதில் பாதி விளங்கிவிடும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் என்னும் பெண்மணி 1886ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரம் வைக்கப்பட்டிருந்தது. விலையுயர்ந்த பீங்கான் தட்டுகள் வேலையாட்களின் கையில் விளிம்பு உடைந்துபோவதைப் பொறுக்க முடியாமல் அவர் இதை உருவாக்கினார் என்பார்கள். தட்டின் வடிவத்தை அளந்து அதற்கேற்பக் கம்பிக் கூடு செய்ததும், தேய்ப்பதற்குப் பதிலாக நீரை வேகமாகப் பீய்ச்சியதும் அவருடைய யோசனைகள். இன்றைய இயந்திரமும் அதே வழியில்தான் இயங்குகிறது. உணவின் எண்ணெயும் மாவும் ஒட்டிய வழவழப்பான பரப்பைக் கழுவுவதற்காகப் பிறந்தது அது. அதில் போடும் சோப்பு வில்லையில் மாவுப் பொருளையும் புரதத்தையும் கரைக்கும் நொதிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவையும் சோற்றுப் பருக்கையையும் முட்டைக் கறையையும் எண்ணிச் சேர்க்கப்பட்டவையே.

இனி, அந்தப் பெட்டிக்குள் நடப்பதைக் கவனியுங்கள். குழாயடியில் நாம் கழுவும்போது மேலிருந்து வரும் நீர் அழுக்கை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. டிஷ்வாஷரில் அப்படி அன்று. ஒரு முழுக் கழுவலுக்கு இன்றைய இயந்திரங்கள் ஏறத்தாழ 10 லிட்டர் நீரே செலவழிக்கின்றன. கையால் கழுவினால் அதைப்போலப் பலமடங்கு ஆகும். இவ்வளவு சிக்கனம் எப்படி வந்தது? சில லிட்டர் நீரை எடுத்து, சுடவைத்து, அதையே அடியிலிருந்து மேலே பீய்ச்சி, வழிந்து வருவதை ஒரு வடிகட்டி வழியே மீண்டும் பிடித்து, மீண்டும் பீய்ச்சுகிறது. அந்தக் கட்டம் முடிந்ததும் அழுக்கு நீரை வெளியேற்றிவிட்டுப் புதுநீர் பிடித்து அலசுகிறது. எனவே உள்ளே இருக்கும் பொருள்கள் அனைத்தும் ஒரு கட்டம் முழுவதும் ஒரே தண்ணீரில் குளிக்கின்றன. பிரஷ்ஷை நனைத்த நீரே பல்துலக்கிக் குவளையையும் நனைக்கிறது. தட்டுகள் உள்ளே இல்லாததால் மருமகள் நிம்மதியாக இருந்தாள். பிள்ளைகள் நாள்தோறும் வாயில் வைக்கும் பல்துலக்கிகளுக்கான குவளை உள்ளே இருந்ததை அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

"சுடுதண்ணீர்தானே, சாச்சி?" என்றாள் மறுபடியும்.

எவ்வளவு சூடு என்று பார்த்தோம். மின்சாரம் மிச்சமாகும் என்பதற்காக அந்த வீட்டில் எப்போதும் 'எக்கோ' என்ற சிக்கன முறையே வைக்கப்பட்டிருந்தது. ஓடி முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெப்பமோ 50 டிகிரி. கொழுப்பைக் கரைக்க அது போதும். கிருமியை அழிக்கும் அளவுக்கு அது சூடன்று. உணவகங்களில் உள்ள பெரிய இயந்திரங்களில் கடைசி அலசல் 82 டிகிரியில் நடக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுத் துறையின் விதி. வீட்டு இயந்திரங்களுக்கும் அந்நாட்டில் ஒரு தரநிர்ணயம் உண்டு. 'சானிடைஸ்' என்னும் முறை இருந்தால் அதில் கடைசி அலசல் ஏறத்தாழ 66 டிகிரியை எட்ட வேண்டும். சோதனைக்கு வைத்த பாக்டீரியாக்களில் லட்சத்துக்கு ஒன்றே எஞ்ச வேண்டும். இந்த உறுதி அந்த ஒரு முறைக்கு மட்டுமே உரியது. சிக்கன முறைக்கு அன்று. மேலும், அது பாக்டீரியாவைப் பற்றிய கணக்கு. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸ் 63 டிகிரி வெப்பத்தையும் தாங்கவல்லது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கிறது. மிகச் சில துகள்கள் வாய்க்குள் சென்றாலே நோயாக்கிவிடும் கிருமி அது. சின்னவனுக்கு வந்தது அதுதானா என்பது எனக்குத் தெரியாது, யாரும் சோதிக்கவில்லை. ஆனால் வீட்டில் பேதி இருக்கும் வேளையில், கழிப்பறைப் பிரஷ்ஷை 50 டிகிரி நீரில் பல்துலக்கிக் குவளையோடு சேர்த்துக் கழுவுவது நோயைத் தடுக்கும் வழியன்று.

இதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. ராத்தாவின் முகத்தில் சற்றே வெற்றிக் களை. அது எனக்குப் பிடிக்கவில்லை. மாமியாருக்கு நோய் வந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் செய்த செயல் அது. அந்த எண்ணத்தை யாராவது எடுத்துச் சொல்லத்தான் வேண்டும், சொன்னேன். ராத்தா பதில் பேசவில்லை.

பிறகு அவர் கேட்டது மார்க்கச் சட்டம். "அந்தப் பெட்டியே நஜீஸ் ஆகிவிட்டதா?"

நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். தண்ணீரைப் பற்றி அந்த மத்ஹபின் நூல்கள் செய்யும் ஒரு நுட்பமான வேறுபாட்டை மதரஸாவில் முதலாண்டு மாணவிகளுக்கே கற்பிக்கிறோம். இரண்டு 'குல்லத்' அளவுக்கு, அதாவது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 லிட்டருக்குக் குறைந்த நீரில் நஜீஸான பொருள் விழுந்தால் அந்த நீரும் நஜீஸ் ஆகிவிடும். நிறமோ மணமோ மாறியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அதே குறைந்த நீரை அப்பொருளின் மீது ஊற்றினால் கதை வேறு. ஊற்றப்படும் நீர் தூய்மையாக்கும். நீரில் பொருள் போய் விழுவதும், பொருளின் மீது நீர் வந்து விழுவதும் ஒன்றல்ல. டிஷ்வாஷரில் இரண்டும் கலந்தே நிகழ்கின்றன. புதிய நீர் மேலே வந்து விழுகிறது. விழுந்ததே கீழே தேங்கி மீண்டும் மேலே போகிறது. பிறகு வெளியேற்றப்பட்டு வேறு நீர் வருகிறது. துணி துவைக்கும் தானியங்கி இயந்திரத்தைக் குறித்து அறிஞர்கள் பேசியிருப்பதும் இதே சிக்கலைத்தான். தீர்ப்புக் கூறும் பொறுப்பு முஃப்திமாருடையது. நான் ஆசிரியை மட்டுமே. ஆயினும் கருத்து வேறுபாடு இல்லாத செய்தி ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் அசுத்தத்தை முதலில் தனியே நீக்கிவிட வேண்டும். அதன் பிறகே கழுவும் பேச்சு. நம் உம்மாமார்கள் குழந்தையின் துணியை முதலில் குழாயடியில் அலசிவிட்டுப் பிறகே மற்றத் துணிகளோடு சேர்த்தார்கள். புத்தகம் படித்தா செய்தார்கள்?

நஜீஸ் என்பதும் நோய்க்கிருமி என்பதும் ஒன்றல்ல என்பதை நம் பெண்கள் பலர் பிரித்தறிவதில்லை. மூக்குச் சளி நஜீஸ் அன்று. அது பட்ட ஆடையோடு தொழலாம். ஆனால் சளித்தொல்லை உள்ளவரின் கைக்குட்டையை யாரும் சோற்றுத் தட்டில் வைப்பதில்லை. பள்ளிவாசல் ஹவுளில் நிறைந்து நிற்கும் நீர் ஒளுச் செய்யத் தகுதியானது. அதற்காக அதைக் காய்ச்சாமல் குடிக்கச் சொல்வார் உண்டா? சட்டத்தின் தூய்மை ஒரு வாசல். சுகாதாரம் இன்னொரு வாசல். இரண்டுக்கும் அப்பால் அருவருப்பு என்று மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. முதலிரண்டும் சரியாக இருந்தபோதிலும் உணவு தொண்டையில் இறங்க மறுக்கும். ராத்தாவைப் பட்டினி போட்டது இந்த மூன்றாவதுதான். அதைப் பழைய காலத்து மூடத்தனம் என்று தள்ளிவிட நான் உடன்படமாட்டேன். கழிப்பறைக்கு வெளியே செருப்பை மாற்றிக்கொள்ளும் பழக்கமும் அடுப்படியையும் கழிப்பறையையும் தூரத்தில் வைத்துக் கட்டிய பழைய வீடுகளும் அந்த அருவருப்பிலிருந்து வந்தவையே. கிருமி என்ற சொல்லை அறியாத காலத்தில் அது பல உயிர்களைக் காத்திருக்கும்.

ஆனால் அந்த அருவருப்புக்குக் கண் பாதிதான் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ராத்தாவின் அடுப்படித் தொட்டியருகே பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்று ஈரத்தோடு கிடந்தது. எத்தனை நாளானது என்று கேட்டேன். "பிய்ந்தால் மாற்றுவோம்" என்றார். அடுப்பு மேடையைத் துடைத்த பிடிதுணியாலேயே தட்டையும் துடைத்து வைத்திருந்தார். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் என்.எஸ்.எஃப். என்ற பொதுச் சுகாதார நிறுவனம் 22 குடும்பங்களின் வீடுகளில் மாதிரி எடுத்துச் சோதித்தது. மலக் கலப்பைச் சுட்டக்கூடிய கோலிஃபார்ம் வகைக் கிருமிகள் மிகுதியாகக் காணப்பட்ட இடம் கழிப்பறை அன்று. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் துணியுமே! நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவற்றில் அவை இருந்தன. அடுத்தது அடுப்படித் தொட்டி. மூன்றாவதாக வந்தது எது தெரியுமா, சகோதரிகளே? பல்துலக்கிகளைச் செருகி வைக்கும் குவளை. அதன் அடியில் தேங்கும் நீரை யார் எட்டிப் பார்க்கிறோம்? டிஷ்வாஷர் வைத்திருப்பவர்கள் அந்தக் குவளையை அதிலேயே, கிருமி நீக்கும் முறையில், வாரம் ஒன்றிரண்டு தடவை கழுவலாம் என்று அந்நிறுவனமே யோசனை கூறியது.

ஆகவே, "குளியலறைச் சாமான்களை டிஷ்வாஷரில் கழுவலாமா?" என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. பல்துலக்கிக் குவளையும் சோப்புப் பெட்டியும் பீங்கானாகவோ எஃகாகவோ வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்காகவோ இருந்தால் தாராளமாகக் கழுவலாம். குழாயடியில் ஒருமுறை அலசி வழவழப்பை நீக்கிவிட்டு, உணவுப் பாத்திரங்கள் இல்லாத தனி முறையாக, அதிக வெப்பத்தில் போட வேண்டும். சீப்பு, கால் தேய்க்கும் கல், குளியல் நார் இவற்றைப் போடுவதால் பயனில்லை. முடியும் நாரும் வடிகட்டியை அடைக்கும். மக்கின் விஷயம் வேறு. மேலை நாட்டார் குளிக்க மட்டுமே பயன்படுத்துவதை நாம் கால் கழுவவும் பயன்படுத்துகிறோம். ஈரத் தரையில் வைக்கிறோம். அது வெளியிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைக்கப்பட வேண்டியது.

பிரஷ் மட்டும் ஒருபோதும் வேண்டாம். வெப்பத்தை எவ்வளவு கூட்டினாலும் என் பதில் அதுவே. அந்தப் பெட்டி வழவழப்பான பரப்புக்காகச் செய்யப்பட்டது என்றேன். பிரஷ்ஷின் மயிர்க்கற்றை நெருக்கமானது. நடுவே சிக்கியிருப்பதை மேலோட்டமாகப் பீய்ச்சும் நீர் முழுவதும் வெளியே கொண்டுவராது. வெளிவந்ததோ வடிகட்டியில் தங்கும். கழிப்பறைக்கு நாம் ஊற்றும் திரவங்களில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. பிரஷ்ஷில் ஒட்டியிருக்கும் அமிலம் இயந்திரத்தின் எஃகு உட்சுவருக்குக் கேடு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது கழிப்பறையிலிருந்து அடுப்படி வரை சொட்டிக்கொண்டே பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. இயந்திரத்துக்குள் என்ன நடந்தாலும், வழியில் தரையிலும் கதவுப் பிடியிலும் கையிலும் பட்டதற்கு யார் பொறுப்பு?

இயந்திரம் தானும் சுத்தமாக இருந்தால்தானே மற்றதைச் சுத்தமாக்கும்? ஸ்லோவேனிய நாட்டு ஆய்வாளர்கள் 18 நாடுகளிலிருந்து 189 வீட்டு டிஷ்வாஷர்களின் கதவு ரப்பரைச் சோதித்து 2011ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 62 விழுக்காட்டில் பூஞ்சை வளர்ந்திருந்தது. சூட்டையும் உப்பையும் சோப்பையும் தாங்கி வாழக் கற்றுக்கொண்ட கரும்பூஞ்சை வகை ஒன்றும் அவற்றுள் இருந்தது. உடல்நலம் உள்ளவர்கள் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் 'இயந்திரம்தானே, தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்' என்ற எண்ணம் தவறு என்பதற்கு இது போதும்.

ராத்தா வீட்டில் அந்த வடிகட்டி வாங்கிய நாளிலிருந்து கழற்றப்படவேயில்லை! மருமகளும் நானும் அதைத் திருகி எடுத்தோம். சோற்றுப் பருக்கை, மீன் முள், கறிவேப்பிலைக் காம்பு, நாற்றம். அவற்றோடு பிரஷ்ஷின் நீல மயிர் இரண்டு. ராத்தா அருகில் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். வடிகட்டியைச் சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்தோம். கதவின் ரப்பரை மடிப்பு மடிப்பாகத் துடைத்தோம். கையையும் கழுவிக்கொண்டு, பெட்டியை வெறுமையாக, சோப்பு வில்லை மட்டும் இட்டு, 70 டிகிரியில் ஓட விட்டோம். என் அறிவுக்கு எட்டியவரை, சுகாதாரத்துக்கு அந்த ஒரு முறையே போதும். ஒருமுறை பிரஷ் போனதால் இயந்திரம் காலத்துக்கும் கெட்டுவிடாது. சுத்தம் செய்தபின் அதில் கழுவிய தட்டில் தயங்காமல் உண்ணலாம். இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே ராத்தா இடைமறித்தார். "மூன்று தடவை ஓட்டுங்கள்" என்றார்.

மின்சாரம் வீண் என்று மருமகள் சொல்லக்கூடும் என நினைத்தேன். அவள் சொல்லவில்லை. "சரி மாமி, மூன்று தடவையே ஓட்டுவோம்" என்றாள். அந்த ஸ்பாஞ்சை ராத்தாவே எடுத்துக் குப்பையில் போட்டார். மஃரிப் தொழுகைக்குப் பிறகு இடியப்பமும் கோழி ஆணமும் பீங்கான் தட்டில் வைத்தாள். ராத்தா தட்டைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்த்துவிட்டு உண்டார்.

அப்படியானால் பிரஷ்ஷை எங்கே, எப்படிச் சுத்தம் செய்வது என்பது மீதமிருக்கிறது. கழிப்பறையிலேயே, ப்ளீச்சிங் பவுடரால். இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரப் பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் பணிபுரிந்தார். பிணங்களை அறுத்துப் பார்த்த மாணவர்கள் கையைக் கழுவிக்கொண்டு நேரே பிரசவம் பார்க்க வந்தார்கள். கை பார்வைக்குச் சுத்தமாகவே இருந்தது. ஆனால் பிண வாடை போகவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் அங்கே நூற்றுக்கு 18 தாய்மார்கள் காய்ச்சலில் இறந்தார்கள். மே மாத நடுவில், குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் உள்ளே வரக் கூடாது என்று அவர் கட்டளையிட்டார். ஜூனில் இறப்பு நூற்றுக்கு 2 அளவுக்குக் குறைந்தது. அந்தக் குளோரின் சுண்ணாம்பும் நம் மளிகைக் கடைகளில் விற்கும் ப்ளீச்சிங் பவுடரும் ஒன்றே. சோப்பினால் போகாதது அதனால் போயிற்று.

கழிப்பறையைத் தேய்த்து முடித்ததும், நீரைத் திறந்துவிட்டு அந்த ஓட்டத்திலேயே பிரஷ்ஷை நன்றாக அலசுங்கள். அமிலம் முழுவதும் போக வேண்டும். பிறகு இதற்கென்றே ஒதுக்கிய பழைய வாளி ஒன்றில் லிட்டர் நீருக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, பிரஷ்ஷை அரைமணி நேரம் ஊற வையுங்கள். சாதாரண நாட்களில் வாரம் ஒருமுறை போதும். வீட்டில் பேதி இருந்தால் நாள்தோறும் செய்யுங்கள். பல மாதம் திறந்து கிடந்த பவுடரில் வீரியம் இராது. சிறிய பொட்டலமாக வாங்கி இறுக மூடி வைப்பது நல்லது. எடுத்த பிரஷ்ஷைக் கிண்ணத்தில் உடனே செருகாதீர்கள். கோப்பையின் விளிம்புக்கும் மேல் இருக்கைக்கும் நடுவே கைப்பிடியை இடுக்கி, நுனி கோப்பைக்குள் தொங்கும்படி சிறிது நேரம் விட்டால் நீர் அதிலேயே வடிந்துவிடும். நம் நாட்டு முறைக் கழிப்பறையாயின் ஆணியில் தொங்கவிடலாம். கிண்ணத்தின் அடியில் தேங்கும் கலங்கல் நீர்தான் பிரஷ்ஷைவிட மோசமானது. அதையும் கொட்டி, அதே வாளி நீரை ஊற்றி வையுங்கள். மயிர் வளைந்து படுத்துவிட்ட பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிராமல் மாற்றிவிடுவதே சிக்கனம். அதன் விலை டிஷ்வாஷருக்கான சோப்பு வில்லைகள் சிலவற்றின் விலைதான்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். கழிப்பறை அமிலத்தையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் சேர்த்து ஊற்றக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும்; சன்னல் இல்லாத சிறு கழிப்பறையில் அது மூச்சைத் திணறடிக்கும். ஒன்றை முழுவதும் நீர்விட்டுக் கழுவிய பிறகே மற்றதைத் தொடுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகள் அருகில் நிற்க வேண்டாம்.